ஒரு புறாவுக்கு ஐந்து ஞாயிறு

"ஆடாம இருங்க டீச்சரம்மா."

"நான் எங்க ஆடறேன்? மூச்சு வுட்டுக்கினு இருக்கேன் நைனா. அதையும் நிறுத்தணுமா?"

எர்னஸ்ட் காமிராவைத் தாழ்த்தினான். அது 1979. சித்தூரில் அவனுடைய ஸ்டூடியோவில், சர்ச்சில் ஆராதனை முடிந்த கையோடு ஞானமணி டீச்சர் மகள் ஜெயசீலியோடு வந்து உட்கார்ந்திருந்தார். அவர் தாலியில் மிளகளவு ஒரு புறா. மகளுக்குச் செய்யப்போகும் தாலியிலும் அதே புறா வேண்டும். கட்டின தாலியைக் கழற்றக் கூடாதே. படம் எடுத்து ஆசாரியிடம் காட்டலாம் என்பது ஜெயசீலியின் யோசனை.

ஜெயசீலிக்குப் பலமனேரில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எர்னஸ்டுக்கோ அவள்மேல் உயிர். அவள் பக்கத்து வரிசையில் நின்றால் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடுவான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஜம்பம் அடிக்க மட்டும் வந்தது.

"என் ஜூம் லென்ஸ்லயே மேக்ரோன்னு எழுதியிருக்குது. எறும்போட கண்ணைக்கூட எடுத்துடுவேன்."

அந்தக் காலத்தில் பிலிமைக் கழுவிப் பார்க்கும்வரை எல்லோருமே கெட்டிக்காரர்கள்தான். முதல் ஞாயிறு எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் புறா கொழுக்கட்டையாக வந்தது. அடுத்த வாரம் கிட்டே போனான், ஒரே பனிமூட்டம். மூன்றாம் வாரம் பிளாஷ் போட்டான், தாலி இருந்த இடத்தில் சூரியன் உதித்தது. நான்காவது படத்தில் டீச்சரின் கழுத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்திருந்தது. புறாவைத்தான் காணோம்.

"நான் இவ்ளோ கிழவியாடா?" என்றார் டீச்சர்.

"கோவிச்சுக்காதம்மா. இன்னா அவசரம், அடுத்த வாரமும் வரலாம்" என்றாள் ஜெயசீலி, சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு.

எர்னஸ்டுக்கு மானம் போயிற்று. பாகாலா வழியாக ரயிலேறித் திருப்பதிக்குப் போய், விவசாயக் கல்லூரிக்குப் பூச்சிப் படம் எடுக்கும் சிநேகிதன் சம்பத்குமாரின் காலில் விழாத குறையாகக் கேட்டான்.

"உன் ஜூம் பேருக்கு மேக்ரோடா. இதுதான் அசல்" என்று தன் லென்ஸைக் கொடுத்தான் சம்பத்குமார். "ஆனா நாலு விரல் தூரத்துக்குக் கிட்ட போகணும், பாத்துக்கோ."

ஐந்தாம் ஞாயிறு டீச்சரின் கழுத்தருகே முகத்தைக் கொண்டுபோனான்.

"இன்னா நைனா, மோந்து பாக்கறியா?"

படம் பிரமாதமாக வந்தது. அலகு, சிறகு, சிறகிடுக்கில் ஒட்டிய சோப்பு வரை தெரிந்தது. படம் கழுவும் ஹைப்போ மருந்தின் வாசனை அடிக்கும் இருட்டறையில், ஈரப் படத்தைப் பிடித்துக்கொண்டு எர்னஸ்ட் அழுதேவிட்டான். பலமனேர்க்காரன் கட்டப்போகும் தாலிக்கு இவனே வழி செய்துவிட்டான். இனி அடுத்த ஞாயிறு அவள் எதற்கு வரப்போகிறாள்?

திங்கட்கிழமை அவனே படத்தை எடுத்துக்கொண்டு நாகபூஷணம் ஆசாரியிடம் போனான். ஆசாரி கண்ணாடியை மாட்டி, படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படம் அருமை பாபு. ஆனா இது எதுக்கு எனக்கு?"

"இதே மாதிரி புறா செய்யணுமாம்."

ஆசாரி மேசை டிராயரைத் திறந்து, பழைய பித்தளை அச்சு ஒன்றை அவன் உள்ளங்கையில் வைத்தார். அதில் அதே புறா.

"டீச்சரம்மா தாலியைச் செஞ்சதே நான்தானே. அச்சு இங்கதான் இருக்குதுன்னு ரெண்டு மாசம் முன்னாடியே ஜெயசீலிகிட்ட காட்டினேனே, அந்தப் பொண்ணு உன்கிட்ட சொல்லலியா?"