சும்மா உட்கார்ந்து வர்றவ

குழந்தைவேலுவின் காரில் அன்றைக்கு எல்லாம் சரியாக இருந்தது. வலது பக்க இருக்கையில் மட்டும் ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. சுங்கை பட்டாணித் திடலில் பழைய கார் கண்காட்சி. பத்து மணிக்குள் பேர் பதிந்தாக வேண்டும். குருணிலிருந்து அரை மணி நேரப் பயணம்தான். வாசலில் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் அவர் மனைவி யோகேஸ்வரி நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"யோகேஸ், கிளம்பலியா?"

"எங்க?"

"எங்கயா? பதினோரு வருஷமா இந்த ஒரு நாளுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கேன்."

"போய்ட்டு வாங்க. காடி ஓட்டுறவர்தான் போகணும். சும்மா உட்கார்ந்து வர்றவ எதுக்குலா?"

குழந்தைவேலுவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை விஷயம் இன்னும் முடியவில்லை.

அந்தக் கார் அமெரிக்காவில் செய்தது. எட்டு சிலிண்டர், வயது ஐம்பத்தைந்து, குழந்தைவேலுவைவிட இரண்டு வயது மூத்தது. கரங்கானில் ஒரு பட்டறைக்குப் பின்னால் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த நிலையில் கண்டுபிடித்தார். தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கிற வேலை அவருக்கு. வேலை முடிந்து வந்ததும் காருக்குக் கீழே படுத்துக்கொள்வார். பதினோரு வருடத்தில் கோழி போய், துரு போய், இன்ஜின் சத்தம் வந்து, கடைசியில் ஆரஞ்சு நிறமும் வந்தது.

ஒன்றை மட்டும் அவர் மாற்றவில்லை. அமெரிக்காக்காரன் ஸ்டேரிங்கை இடது பக்கம் வைத்திருந்தான். அதை வலது பக்கம் கொண்டுவந்தால் அசல் கெட்டுவிடும் என்பது அவர் கொள்கை.

கொள்கை நல்லதுதான். ஆனால் நம் நாட்டில் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு முன்னால் போகிற லோரியின் பின்புறம்தான் தெரியும். எதிரே வேன் வருகிறதா, காலியாக இருக்கிறதா என்று ஒன்றும் தெரியாது. டோலில் பணம் கட்ட அட்டையைத் தட்டுகிற இடம் வலது பக்கம். பார்க்கிங் சீட்டு வருவதும் வலது பக்கம். இதெல்லாம் யோகேஸ்வரியின் வேலை. ஜன்னலை இறக்கி வைத்துக்கொண்டு, இன்ஜின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திச் சொல்லிக்கொண்டே வருவாள். "முன்னால லோரி. நில்லுங்க. எதிர்ல பஸ் வருது. போயிருச்சு. இப்ப காலி, போங்க."

ஸ்டேரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்று குனிந்து பார்க்க ஊரில் யாருக்கு நேரம்? வலது பக்கம் உட்கார்ந்திருப்பவள் யோகேஸ்வரி. ஆகவே ஓட்டுவது யோகேஸ்வரி. குருண் முழுக்க அப்படித்தான் முடிவு செய்திருந்தது. அவள் பாசார் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தாள். ரவிக்கை தைக்க வருகிற பெண்கள் எல்லாம், "அக்கா, அவ்ளோ பெரிய காடிய எப்படிக்கா சமாளிக்கிறீங்க?" என்று கேட்பார்கள். அவள் சிரிப்பாள். ஆமாம் என்றும் சொல்ல மாட்டாள், இல்லை என்றும் சொல்ல மாட்டாள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் நாலைந்து பெண்கள் கூடி நின்று அதையே கேட்டார்கள். பக்கத்தில் விபூதியோடு நின்ற குழந்தைவேலுவுக்குப் பொறுக்கவில்லை. பதினோரு வருட கிரீஸ் நகக்கண்ணில் இருக்கிறது, பெயர் வேறு யாருக்கோ போகிறது.

"ஓட்டுறது நான்மா. இவ சும்மா உட்கார்ந்து வர்றவ."

பெண்கள் சிரித்தார்கள். யோகேஸ்வரியும் சிரித்தாள். சிரித்துவிட்டாள், சரியாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆண்களின் கணக்கு அப்படி. வீட்டுக்கு வந்து அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதை வெள்ளிக்கிழமையே முடிந்திருக்கும். மனிதர் கார்பரேட்டரைத் துடைக்கப் போய்விட்டார்.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கண்காட்சியில் கடைசியாகத் திடலைச் சுற்றி ஒரு ஊர்வலம் உண்டு. அதில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும் என்பதுதான் அவருக்கு ஆசை. கோப்பை கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. அந்த ஒரு சுற்று அவளோடு போக வேண்டும். அதைச் சொல்ல வாய் திறந்தார்.

"அப்ப நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேன்" என்று வந்தது.

வேறு ஆள் என்றால் அபூபக்கர். கூடப் படித்தவர், சாலை முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்.

"என்ன வேலு, நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம் அபூ. உட்காரு. முன்னால காலியா இருந்தா போன்னு சொல்லு. இல்லைன்னா நில்லுன்னு சொல்லு."

"அவ்ளோதானா? இதை யார் வேணும்னாலும் செய்யலாம்லா."

டோல் தொல்லை வேண்டாம் என்று பழைய சாலையில் போனார்கள். நாலாவது கிலோமீட்டரில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் மாட்டியது. நடந்து போகிறவர் முந்திவிடும் வேகம்.

"அபூ, காலியா?"

"காலி. இல்ல, மோட்டார் சைக்கிள் வருது. போயிருச்சு. போ. வேணாம், வேணாம், நில்லு."

"ஒண்ணு சொல்லு."

"எனக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தா கால் தானா பிரேக்கைத் தேடுது வேலு. பிரேக் இல்ல."

அடுத்த தடவை "போ" என்று சொன்னபோது அபூபக்கர் கண்ணை இறுக மூடியிருந்தார். இதைப் பாதி சாலைக்கு வந்த பிறகுதான் குழந்தைவேலு கவனித்தார். எதிரே பஸ். திரும்பவும் லோரிக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டார்கள். பயத்தில் கையை வெளியே நீட்டி எதையாவது பிடிக்கப் பார்த்த அபூபக்கர், பக்கவாட்டுக் கண்ணாடியைப் பிடித்தார். அது கையோடு வந்துவிட்டது.

"இந்தா" என்று மரியாதையாக அதைக் கொடுத்தார்.

லோரிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து இன்ஜின் சூடேறியது. வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி ஆறவிட்டு, திரும்பி வந்து அபூபக்கரைக் கடையில் இறக்கியபோது மணி ஒன்பது.

"யோகேஸ் தங்கச்சி தினமும் இதையா செய்யுது?" என்று கேட்டார் அபூபக்கர். குழந்தைவேலு வண்டியைத் திருப்பினார். கேள்வி மட்டும் காருக்குள் ஏறிக்கொண்டது.

இனி நெடுஞ்சாலைதான். அங்கே எதிரே வண்டி வராது. தடுப்பு டோல் மட்டும். இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு வலது பக்கம் அட்டையைத் தட்ட ஒரு கை வேண்டும், இரண்டு மீட்டர் நீளத்தில். பழுதுபார்க்கிறவர் அல்லவா, வீட்டுக்கு வந்து கொட்டகையில் தேடி ஒரு வெள்ளை நிறப் பிளாஸ்டிக் குழாயை எடுத்தார். அதன் நுனியில் துணிக் கிளிப்பால் அட்டையை மாட்டினார். கண்காட்சிக்கென்று வாங்கிய கறுப்புக் கண்ணாடியையும் போட்டுக்கொண்டார்.

யோகேஸ்வரி வாசலில் வந்து நின்று அந்தக் குழாயைப் பார்த்தாள்.

"நான் வேணும்னா..." என்று ஆரம்பித்தாள்.

"வேணாம், எல்லாம் செஞ்சுட்டேன்" என்று குழாயை ஆட்டிக் காட்டினார். அவள் உள்ளே போய்விட்டாள். போன பிறகுதான் அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது அவருக்குப் புரிந்தது. அதற்குள் கார் தெருமுனைக்கு வந்திருந்தது.

குருண் டோல். குழாயை வலது ஜன்னல் வழியாக வெளியே விட்டுத் துழாவினார். அட்டை தட்டும் பெட்டி எங்கே என்று இங்கிருந்து தெரியவில்லை. மேலே தட்டினார், தூண். கீழே தட்டினார், சுவர். பின்னால் ஹாரன் அடித்தார்கள். மூன்றாவது தட்டில் கிளிப் விட்டு அட்டை காருக்கு அடியில் விழுந்தது.

இறங்கி, குழாயோடு காரைச் சுற்றி வந்து, மண்டியிட்டு, அடியில் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தபோது இன்ஜின் மூடியிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

"அங்கிள், பதறாதீங்க. நான் இருக்கேன்."

சீருடை போட்ட ஒரு பெண் ஓடி வந்து அவர் முழங்கையைப் பிடித்தாள். டோலில் வேலை செய்யும் ரூபினி. யோகேஸ்வரியிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கிறவள். ஞாயிறுதோறும் கார் இந்த வழியாகப் போகும்போது, ஜன்னல் வழியாக இரண்டு பெண்களும் ஒரு நிமிடம் பேசிக்கொள்வார்கள். யோகேஸ்வரி அவளுக்கு அக்கா, அவர் அங்கிள். அது என்ன நியாயம் என்று குழந்தைவேலுவுக்கு எப்போதும் ஒரு வருத்தம்.

"அக்கா எங்க?"

"வரலம்மா. நான் தனியாத்தான் வந்தேன்."

ரூபினி அவரையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்களா ஓட்டிட்டு வந்தீங்க? தனியா?"

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக ஒரு ஆள், ஓட்டுவது அவர்தான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள். குழந்தைவேலுவுக்கு அந்த ஆவிக்கு நடுவிலும் மனசு குளிர்ந்தது.

"நான்தாம்மா. இந்த ரோடெல்லாம் எனக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன்."

"ஐயோ அங்கிள்."

"வலது பக்கம்தான் ஒண்ணும் தெரியாது. அதுக்குத்தான் இந்தக் குழாய்."

ரூபினியின் கண் கலங்கிவிட்டது. பின்னால் நின்ற இரண்டு லோரி ஓட்டுநர்கள் காரை ஓரமாகத் தள்ளினார்கள். குழந்தைவேலு இடது ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டேரிங்கைப் பிடித்தபடி கூடவே நடந்தார். "பார்த்து, மெதுவா. அவரை இடிச்சுராதீங்க" என்று ரூபினி காரின் வலது பக்கத்திலிருந்து சத்தம் போட்டாள். பிறகு அவரைக் கைபிடித்து அழைத்துப்போனாள். "இங்க ஒரு படி இருக்கு அங்கிள். காலைத் தூக்கி வைங்க." நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர்க் குவளையைக் கையில் கொடுத்து, விரல்களை மடக்கிப் பிடிக்க வைத்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் இவ்வளவு மரியாதை இருக்கிறதே என்று அவருக்கு ஆச்சரியம்.

அவள் தள்ளிப் போய் போனில் பேசினாள். "அக்கா, உடனே வாங்க. அங்கிள் தனியா காடிய எடுத்துட்டு வந்துட்டாரு."

அபூபக்கரின் கார் இருபது நிமிடத்தில் வந்தது. யோகேஸ்வரி இறங்கினாள். அபூபக்கர் இறங்காமலே திரும்பிப் போய்விட்டார். அவள் பிய்ந்துபோன பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"பசியாறினீங்களா?"

"இல்ல."

பையிலிருந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் கொடுத்தாள். ரூபினி நாகரிகமாகத் தூரப் போய் நின்றாள். குழந்தைவேலு இரண்டு வாய் சாப்பிட்டார். மணி பத்தேகால்.

"பேர் பதியிற நேரம் முடிஞ்சிருச்சு" என்றார்.

"எனக்காகவா போச்சு?"

"இல்ல. என் வாயால போச்சு." பொட்டலத்தை மடியில் வைத்தார். "வெள்ளிக்கிழமை நான் சொன்னது தப்பு யோகேஸ். நீ சும்மா உட்கார்ந்து வரல. நீ பார்க்குறே, நான் திருப்புறேன். இத்தனை நாளும் நீதான் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கே. இன்னைக்கு நாலு கிலோமீட்டர்கூட என்னால தாண்ட முடியல."

யோகேஸ்வரி அவர் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"இதைக் கோயில்ல வச்சுச் சொல்லணும். அதே ஆளுங்க முன்னாடி."

"சொல்றேன். வர்ற வெள்ளி."

"சரி, சாப்பிட்டு முடிங்க. ஊர்வலத்துல விடலைன்னா திடலுக்கு வெளியிலயே ஒரு சுத்து சுத்துவோம். நான் உட்கார்றேன்."

அவருக்கு அது போதும். கோப்பை வாங்கினவனுக்குக்கூட இவ்வளவு சந்தோஷம் இருக்காது. ஆறிப்போன இன்ஜினுக்கு அவளே தண்ணீர் ஊற்றினாள், டோல் தடத்தில் கிடந்த அட்டையைத் தேடி எடுத்தாள், வலது பக்கக் கதவைத் திறந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். ஜன்னலை இறக்கிக் குரல் கொடுத்தாள். "பின்னால ஒண்ணும் வரல. வாங்க."

குழந்தைவேலு கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். ரூபினி ஓடி வந்து மறுபடியும் முழங்கையைப் பிடித்தாள், குழாயை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"விடும்மா, நானே நடந்துக்குவேன். எதுக்கு என்னை இப்படித் தாங்குறே?"

ரூபினி குரலைத் தாழ்த்தினாள்.

"கூச்சப்படாதீங்க அங்கிள். கல்யாணமான நாள்லேர்ந்தே உங்களுக்குக் கண்ணே தெரியலைன்னு அக்கா எங்கிட்ட போன வருஷமே சொல்லி அலுத்துக்கிட்டாங்க."