தொழில்நுட்ப உதவியாளரின் இடுப்பு

மனிதருக்கு இடுப்பு தேய்வது சட்டப்படி குற்றமல்ல. ஆனால் தேய்வதற்கு முன்பே உரிய அலுவலகத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்திருந்தால் பிற்பாடு இத்தனை சங்கடம் வந்திருக்காது என்பது மாஸ்டரின் விஷயத்தில் ஐயந்திரிபற நிரூபணமான உண்மை.

மாஸ்டர் என்றால் தையல் மாஸ்டர், பெண்மணி. கடைத்தெரு மூலையில் எட்டடிக்கு எட்டடியில் ஒரு கடை, ஒரு மிதி மெஷின், துணி வெட்டுகிற பலகை, இஸ்திரி போடவும் பொத்தான் கட்டவும் ஒரு கணவர். இவ்வளவுதான் அவளுடைய சொத்து. சின்ன வயதில் வந்த காய்ச்சல் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை. வலது கால் இரண்டு கால் வேலையையும் சேர்த்துப் பார்த்தது. முப்பது வருஷம் உடம்பைத் தாங்கி, மெஷினையும் மிதித்து, கடைசியில் 'போதும்டி தாயே' என்று இடுப்போடு மக்கர் பண்ண ஆரம்பித்தது. நாலு தையல் ஓட்டினால் ஐந்தாவதுக்கு உயிர் போகும்.

புது மூட்டு வைக்க வேண்டும் என்றார் டாக்டர். உள்ளூர் ஆஸ்பத்திரியில் சொன்ன தொகைக்குக் கடையை விற்று, மெஷினை விற்று, மிச்சத்துக்குக் கணவரையும் விற்க வேண்டியிருக்கும். அவருக்கு அவ்வளவு விலை போகாது என்பது மாஸ்டருக்குத் தெரியும். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் அதே வேலையைக் கால்வாசிக்குச் செய்கிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு எழுதிப் போட்டாள். பதில் வந்தது. இந்த மாதிரி ஒரு கால் சூம்பியவர்களுக்கு மூட்டு பொருத்துகிற நிபுணர் வருஷத்துக்கு ஒரு வாரம்தான் சலுகை விலையில் ஆபரேஷன் செய்வாராம். அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி வரவேண்டும் என்று முத்திரை போட்ட கடிதம். அதை விட்டால் இன்னும் ஒரு வருஷம். அதற்குள் மூட்டைப் பொருத்த எலும்பே மிஞ்சாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்த வருஷம் ஊரில் வெளிநாட்டு வைத்தியம்தான் நாகரிகம். ஒரு நோயும் இல்லாதவர்கள்தான் முதலில் கிளம்பினார்கள். போய் முழு உடம்பையும் பரிசோதித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் கட்டின பிளாஸ்டிக் பட்டையை அறுக்காமல் அப்படியே கல்யாண வீடுகளுக்கு வந்தார்கள். பட்டை நைந்துவிடக் கூடாதென்று கையை வெளியே நீட்டிக் குளித்தவர்களும் உண்டு. ஆபரேஷன் ஆனவர்கள் போடுகிற, பக்கவாட்டில் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஜிப் வைத்த தொளதொள பேன்ட் அப்புறம் பிரபலமாயிற்று. அதை அந்த ஊரில் ஒழுங்காகத் தைக்கத் தெரிந்தவள் மாஸ்டர் ஒருத்திதான். நன்றாக ஓடி ஆடித் திரிகிறவர்களுக்கெல்லாம் நோயாளி பேன்ட் தைத்துத் தைத்து அவளுடைய இடுப்பு இன்னும் கொஞ்சம் தேய்ந்தது.

நாகரிகத்துக்காகப் போகிறவர்களுக்கு ஒரு காகிதமும் வேண்டியதில்லை. உண்மையிலேயே கால் சரியில்லாதவர் போவதானால் 'அயல்நாட்டுச் சிகிச்சை இசைவளிப்பு மற்றும் மாற்றுத்திறன் மதிப்பீட்டுப் பிரிவு' என்ற அலுவலகத்தின் இசைவு வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் நலனைக் கருதி அந்த அலுவலகத்தை, நல்ல காற்று வரட்டுமென்று, மூன்றாம் மாடியில் வைத்திருந்தார்கள். விண்ணப்பதாரர் நேரில் வரவேண்டும். லிஃப்ட் இருந்தது, கோப்புகளுக்காக.

கணவர் தூக்கிக்கொள்கிறேன் என்றார். ஏற்கனவே முதுகு பிடித்துக்கொண்ட மனுஷன், வழியில் இருவருமாக விழுந்து வைத்தால் இரண்டு விண்ணப்பம் போட வேண்டிவரும் என்று மாஸ்டர் மறுத்துவிட்டாள். படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாகவே ஏறி, முக்கால் மணி நேரத்தில் மேலே போய்ச் சேர்ந்தாள்.

குமாஸ்தா படிவத்தை எடுத்தார். நல்ல மனுஷர்தான், படிவத்தைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டார்.

"எப்படி வந்தீங்க?"

"உட்கார்ந்து உட்கார்ந்து வந்தேன் சார்."

"வண்டி நம்பர்?"

"வண்டி இல்ல சார், படியில."

"நடந்து, உட்கார்ந்துன்னு ரெண்டே கட்டம்தாம்மா இருக்கு. உட்கார்ந்துன்னா வண்டி நம்பர் கேட்கும். நம்பர் இல்லாத வண்டியில வந்தீங்கன்னு எழுதினா அது போலீஸ் கேஸ் ஆயிடும். பரவாயில்லையா?"

போலீஸ் எல்லாம் வேண்டாம், நடந்து வந்ததாகவே எழுதிக்கொள்ளுங்கள் என்று மாஸ்டர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். 'விண்ணப்பதாரர் மூன்று மாடிகளையும் எவ்விதச் சிரமமுமின்றி நடந்து ஏறி வந்தார்' என்று அழகான கையெழுத்தில் ஏறியது. அந்த ஒரு வரியால் எழுபது சதவீதமாக இருந்த அவளுடைய ஊனம் நாற்பதாகக் குறைந்தது. எந்த மருந்துக்கும் கேட்காத கால் அது.

அடுத்த அறையில் மதிப்பீட்டு மருத்துவர். அவர் காலைப் பார்க்கவில்லை. கோப்பில் கால் ஏற்கனவே இருந்தது. உட்கார முடியுமா என்று கேட்டார். பத்து நிமிஷம் முடியும் என்றாள்.

"விமானத்துல எட்டு மணி நேரம் உட்காரணும். முடியாதுன்னா பயணத்துக்கு நீங்க தகுதி இல்ல."

"பல்லைக் கடிச்சிட்டு உட்கார்ந்திடுவேன் சார்."

"அப்போ உட்கார முடியும். உங்க தொழிலே உட்கார்ந்து பண்றதுதானே? சிகிச்சை எதுக்கு?"

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதில் தவறே கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவளுக்கு அழுகையாக வந்தது.

கடைசியாக இயக்குநர். கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நம் நாட்டிலேயே இந்த ஆபரேஷன் இருக்கும்போது வெளியே போவது தேசத்துக்குத் தலைகுனிவு இல்லையா என்று கேட்டார். அவர் மணிக்கட்டிலும் ஒரு பிளாஸ்டிக் பட்டை இருந்தது.

"விலை கட்டுப்படியாகல சார்," என்றாள் மாஸ்டர்.

"விலைக்கு இதுல கட்டம் இல்லையே. இங்கே முடியாதுங்கிறதுக்கு ஆதாரம் இருந்தா சொல்லுங்க. ஒண்ணு பண்ணுங்க. முதல்ல இங்கேயே ஆபரேஷன் பண்ணிக்கோங்க. சரியா வரலன்னு ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. மறுநாளே அனுப்பி வைக்கிறேன்."

பத்தொன்பதாம் தேதிக்கு இன்னும் இருபத்திரண்டு நாள்தான் இருந்தது. மாஸ்டர் வெட்கத்தை விட்டு அழுதாள். இயக்குநர் கல்நெஞ்சக்காரர் இல்லை. மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டு, யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு குடிமகளைக் கண்ணை மூடிக்கொண்டு அந்நிய மண்ணில் உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியாது. அந்த ஆஸ்பத்திரி மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்ததுதானா என்று ஒரு குழு நேரில் ஆய்வு செய்யும். கோப்பில் இருந்த ஒரே தேதி பத்தொன்பது என்பதால் ஆய்வும் பத்தொன்பதாம் தேதியே. அறிக்கை வந்தபின் விண்ணப்பம் பரிசீலிக்கப்படும்.

"அன்னைக்குத்தானே சார் எனக்கு ஆபரேஷன்?"

"அதுக்குத்தாம்மா அன்னைக்கே போறோம். உங்களுக்காக."

குழுவில் ஐந்து அதிகாரிகள், ஐந்து துணைவியர், இயக்குநரின் மைத்துனர் ஒருவர். பயனாளியின் கோணத்திலிருந்து ஆய்வு செய்ய வேண்டும் என்பதால் பதினொரு பேருக்கும் நோயாளி பேன்ட் வேண்டும் என்று கடைக்கு ஆணை வந்தது. மாஸ்டர் தைத்தாள். என்ன செய்வது, கோப்பு அவர்கள் கையில். ஒவ்வொரு ஜிப்பாக வைக்கும்போதும் இவர்கள் நாசமாய்ப் போக என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே, தையல் மட்டும் கோணாமல் தைத்தாள். கணவர் பொத்தான் கட்டினார். அந்த வாரம் அவர் கட்டிய பொத்தான்களை இன்றுவரை யாராலும் பிய்க்க முடியவில்லை.

அளவு பார்க்க வந்த இயக்குநரின் மனைவிதான் ஆரம்பித்தார். அங்கே போய் நாலு வேளை சாப்பிட்டால் இடுப்பு பெருத்துவிடும், அப்போது பேன்ட்டை யார் பிரித்துத் தைப்பது என்று கவலைப்பட்டார். அவர் கவலைப்பட்டால் இயக்குநருக்குத் தூக்கம் வராது. விதிகளைப் புரட்டினார்கள். ஒவ்வொரு ஆய்வுக் குழுவும் ஒரு தொழில்நுட்ப உதவியாளரை அழைத்துச் செல்லலாம் என்று ஒரு விதி கிடைத்தது. பயணச் செலவு அரசுடையது, இசைவுக் கடிதம் தேவையில்லை. ஒரே ஒரு நிபந்தனை, உதவியாளர் முழு உடல் தகுதி உடையவர் என்று மருத்துவர் சான்று தரவேண்டும்.

அதே மதிப்பீட்டு மருத்துவர்தான் மாஸ்டருக்கு அதைத் தந்தார். தலையைத் தூக்காமல், அதே பேனாவால், 'இரு கால்களும் இடுப்பும் குறைவின்றிச் செயல்படுகின்றன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாஸ்டர் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தச் சான்றை வாங்கினாள்.

இப்படியாக, நோயாளியாகப் போக முடியாத மாஸ்டர், நோயாளி பேன்ட்டின் தொழில்நுட்ப உதவியாளராக விமானம் ஏறினாள். எட்டு மணி நேரம் பல்லைக் கடித்தாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த ஆபரேஷன் பணம் இடுப்பில் ஒரு துணிப்பையில் இருந்தது.

பத்தொன்பதாம் தேதி காலை குழு ஆஸ்பத்திரியின் தோட்டத்தை ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, மாஸ்டர் தன் கடிதத்தோடு நிபுணரின் அறைக்குப் போனாள். அவர் கடிதத்தைப் பார்த்தார், அவள் கழுத்தில் 'முழு உடல் தகுதி' என்று தொங்கிய குழு அட்டையைப் பார்த்தார். நம் மொழி தெரிந்த நர்ஸ் ஒருத்தி இடையில் நின்று சொன்னாள்.

"நீங்க முழு ஆரோக்கியம்னு உங்க அரசாங்கம் எழுதியிருக்காம். உங்களை எப்படி அறுக்கிறதுன்னு கேட்கிறார்."

"அது அலுவலகக் கால்னு சொல்லும்மா. இது என் கால்."

அதை நர்ஸ் எப்படிச் சொன்னாளோ, நிபுணர் விழுந்து விழுந்து சிரித்தார். தன் நாட்டில் பல் வைத்தியம் கட்டுப்படியாகாததால் போன வருஷம் அவரே நம் நாட்டுக்கு வந்து நாலு பல் கட்டிக்கொண்டு போனதாகவும், அதற்கு இசைவு வாங்க ஏழு மாதம் ஆனதாகவும் சொல்லச் சொன்னார். அன்று மத்தியானமே மாஸ்டருக்குப் புது மூட்டு வைத்தார்கள்.

குழு நிலைகுலைந்து போயிற்று. முழு ஆரோக்கியமாக அழைத்து வந்த அரசு உதவியாளர் ஆபரேஷன் படுக்கையில் கிடந்தால் எந்தப் பதிவேட்டில் எழுதுவது? இயக்குநர் இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். மூன்றாம் நாள் அவருக்குப் பிடிபட்டது. இது தவறே அல்ல, முன்னுதாரணம். ஊர் திரும்பியதும் சுற்றறிக்கை வந்தது. அயல்நாட்டுச் சிகிச்சைக்குச் செல்ல விரும்பும் மாற்றுத்திறனாளிகள் இனி தொழில்நுட்ப உதவியாளர் வழியில் மட்டுமே அனுப்பப்படுவர். அதற்குத் தையல் திறன் சான்று அவசியம். மிதி இயந்திரத்தில் ஒரு முழு பேன்ட்டைத் தேர்வு அதிகாரியின் முன்னிலையில் தைத்துக் காட்ட வேண்டும். தேர்வு அதிகாரி, மாஸ்டர்.

மாஸ்டர் இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாள். அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஒரு வாரம் காரணமே இல்லாமல் தெருவில் போய்ப் போய் வந்தாள். கடை வாசலில் 'தேர்வு அலுவலகம்' என்று பலகை ஏறியது. அலுவலகம் முத்திரையும் ஒரு கட்டுப் படிவமும் கொடுத்தனுப்பியது. விண்ணப்பிக்கிறவர்கள் விடிந்ததிலிருந்து வரிசையில் நின்றார்கள். முதல் நாள் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள், உட்காரச் சொன்னாள். இரண்டாம் வாரத்தில் எல்லோருக்கும் பெஞ்சு போதவில்லை. மூன்றாம் வாரத்தில் பெஞ்சைப் படிவம் வைக்க எடுத்துக்கொண்டாள்.

ஒருநாள் ஒரு பெண் வந்தாள், பாத்திரக் கடையில் வேலை பார்ப்பவள். இரண்டு காலும் முட்டிக்குக் கீழே வேலை செய்யாது. அண்ணன் தூக்கிக்கொண்டு வந்து மெஷின் முன்னால் உட்கார வைத்தான். வெளிநாட்டில் தேதி கிடைத்திருக்கிறது, பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது என்றாள். கையால் சக்கரத்தைச் சுற்றி இரண்டு மணி நேரத்தில் ஒரு பேன்ட்டைத் தைத்தும் காட்டினாள். நல்ல தையல். மாஸ்டரே இரண்டு தடவை தடவிப் பார்த்தாள்.

"சுத்தமான வேலைம்மா. ஆனா சுற்றறிக்கையில மிதிச்சுத் தைக்கணும்னு இருக்கு."

"மிதிக்க முடிஞ்சா நான் ஏன்க்கா அங்கே போகணும்?"

மாஸ்டர் படிவத்தைப் பார்த்தாள். மேலே தேடினாள், கீழே தேடினாள். கையால் தைத்ததற்கு அதில் கட்டம் இல்லை. இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார் கணவர். அந்த மனுஷன் பார்வையை எடுக்கவே இல்லை.

"என்னை ஏன் பார்க்கிறீங்க? நானா எழுதினேன்?" என்று அவரிடம் சள்ளென்று விழுந்தாள் மாஸ்டர். முகம் சிவந்துவிட்டது. அப்புறம் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பாமலே, முத்திரையை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, அடுத்த ஆளை உள்ளே வரச் சொன்னாள்.