காற்று தனியாக வாங்க வேண்டும்

காற்றில் ஓடும் ஸ்டேப்ளர் துப்பாக்கியை வாங்கி வந்துவிட்டு, காற்றைத் தனியாக வாங்க வேண்டும் என்பது தெரியாமல், அரை மணி நேரம் விசையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள் நான். சிரிப்பவர்கள் இன்னொன்றையும் சேர்த்தே சிரித்துக்கொள்ளலாம். எனக்கு உத்தியோகம் சுரங்கத்து ஸ்டோர்ஸில். காற்றில் ஓடும் கருவிகளை இருபத்தாறு வருடமாக ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுப்பவனே நான்தான். எடுத்துக் கொடுப்பேன். எதற்கு, எப்படி என்று கேட்டதில்லை.

இந்த விஷயத்தை யாருக்கும் தெரியாமல் அமுக்கியிருப்பேன். ஆனால் பக்கத்து குவார்ட்டர்ஸில் கேஜ் அண்ணாச்சி இருந்தார்.

நெய்வேலியில் காற்றை மதித்தவர் என்று ஒருவர் உண்டென்றால் அது கேஜ் அண்ணாச்சிதான். நாங்களெல்லாம் அதைச் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். தென்காசிப் பக்கத்துக்காரர். சுரங்கத்தில் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசருக்கு ஆபரேட்டர். அழுத்தம் காட்டும் மீட்டருக்குக் கேஜ் என்று பேர், அதுவே அவருக்கும் ஒட்டிக்கொண்டது. முள் ஆடுகிற எந்த மீட்டரைக் கண்டாலும் ஆள்காட்டி விரல் நகத்தால் ரெண்டு தட்டு தட்டாமல் நம்பமாட்டார். "முள்ளு சோம்பேறிவே. ஒரே எடத்துல ஒட்டிக்கிட்டுப் பொய் சொல்லும். தட்டுனாத்தான் உண்மையச் சொல்லும்" என்பார். காய்கறிக்காரர் தராசைத் தட்டுவார். பஸ் ஸ்டாண்டு கடிகாரத்தை எட்டித் தட்டுவார். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்க்கும்போது, குனிந்து அந்த மீட்டரையும் ரெண்டு தட்டு தட்டினார். டாக்டருக்கு அழுத்தம் ஏறிவிட்டது.

சட்டைப் பையில் எப்போதும் நீள மூக்கு வைத்த ஒரு சின்னப் பாட்டிலில் சோப்புத் தண்ணீர் இருக்கும், காற்றுக் கசிவு பார்க்க. எங்கள் பிளாக்கில் கேஸ் சிலிண்டர் மாற்றினால் கம்பெனி ஆள் போனதும் அண்ணாச்சி வருவார். குமிழி வரவில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் பெண்கள் அடுப்பைப் பற்றவைப்பார்கள்.

ஒரு தடவை பண்ருட்டி பஸ்ஸில் போகும்போது பிரேக்கில் காற்றுக் கசிகிற சத்தம் கேட்கிறதென்று காடாம்புலியூரில் வண்டியை நிறுத்திவிட்டார். கண்டக்டர் கெஞ்சுகிறார், டிரைவர் கத்துகிறார், இவர் சோப்புத் தண்ணீரோடு வண்டிக்கு அடியில் இருக்கிறார். பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "யோவ், காத்து போனாப் போவட்டும்யா! எம்பழம் அழுவிப்பூடும், மேல வாய்யா!" என்று கூச்சல் போட்டது. அடியிலிருந்து பதில் வந்தது: "பொறும்மா, குமிழி வருது!" வந்தது நிஜம்தான். அத்தனை பேரும் வேறு பஸ் பிடித்தோம். வழி நெடுக அவரைத் திட்டினோம். உயிரோடு திட்டினோம் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

என் மனைவி சரசுவுக்கு முட்டியில் ஆபரேஷன், பாண்டிச்சேரியில். மகள் கூட இருந்தாள். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: தரையில் உட்காரக் கூடாது. சறுக்குகிற பிளாஸ்டிக் சேர் ஆகாது. பதினெட்டு அங்குல உயரம், அமுங்காத இருக்கை, அதில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து பழக வேண்டும். வலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்த சரசு அதைக் கேட்டு, "எனக்கு வூட்டுக்குப் போயி என் சோபாவுல ஒக்காந்தாப் போதும்" என்றாள். திருவதிகையிலிருந்து என் மாமனார் கல்யாணத்துக்கு அனுப்பிய தேக்கு சோபா அது. உட்கார்ந்தால் குழிக்குள் இறக்கிவிடும். எழுவதற்கு இரண்டு பேர் வேண்டும்.

சனிக்கிழமை அவளை அழைத்து வருவதாக ஏற்பாடு. நான் புதன்கிழமையே வீட்டைத் தயார் செய்ய வந்துவிட்டேன். சோபா தைப்பவரைக் கேட்டால் பத்து நாள் ஆகும் என்றார். "இதென்ன பெரிய வித்தை" என்று செல்போனில் ஒரு வீடியோ பார்த்து, வியாழக்கிழமை சோபாவின் பழைய துணி, பஞ்சு எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டேன். பிய்ப்பது அருமையாக வந்தது. புது ரெக்சினை அடிக்கும்போதுதான் சிக்கல். கையால் அமுக்குகிற ஸ்டேப்ளர் பின், தேக்கில் பட்டதும் கும்பிட்டு மடங்கியது. காற்றுத் துப்பாக்கிதான் சரி என்று வெள்ளிக்கிழமை காலை வடலூர் போய், கடையில் இருந்ததிலேயே பெரியதை வாங்கி வந்தேன். பெரியது நல்லது என்பது என் கொள்கை.

ஹாலில் எலும்புக்கூடாக சோபா. அதன் முன் டக், டக் என்று நான். சுவர் தாண்டிக் கேட்டுவிட்டு அண்ணாச்சி வந்து நின்றார்.

"என்னவே பண்ணுதீரு?"

"பின் வரமாட்டேங்குது அண்ணாச்சி. ரிப்பேர் பீசைக் கட்டிக் குடுத்துட்டான்."

துப்பாக்கியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் திறந்து கிடந்த ஓட்டையில் விரலை விட்டார்.

"காத்து எங்கவே?"

"உள்ள இருக்கும்னு நெனச்சேன்."

"உள்ள இருக்க இது என்ன சோடா பாட்டிலா? ஸ்டோர்ஸ்லதான வேல பாக்கீரு?"

அவர் பின் பெட்டியைப் பிரித்து ஒன்றை எடுத்து சோபாக் கட்டை மேல் வைத்துப் பார்த்தார். "கட்ட ஒன்ற இஞ்சு. பின்னு ரெண்டு இஞ்சு. மிச்ச அர இஞ்சு எங்க போயி ஏறும்? தங்கச்சி மேலயா? இது லாரியில ஏத்துத மரப்பெட்டிக்கு அடிக்கது வே. கெளம்பும்."

மறுபடி வடலூர். கடைக்காரர், "வித்தப் பொருள மாத்தறதெல்லாம் கெடையாதுங்க" என்று ஆரம்பித்தார். அண்ணாச்சி அவரோடு சண்டை போடவில்லை. அலமாரியில் இருந்த எல்லாத் துப்பாக்கியையும் இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து, கையை நேராக நீட்டி, மனதுக்குள் இருநூறு எண்ணினார். கனம் பார்க்கிறாராம். கல்லாவை நோக்கித் துப்பாக்கியை நீட்டியபடி ஒரு மனிதர் அசையாமல் நிற்பதைப் பார்த்துக் குழாய் வாங்க வந்த இரண்டு பேர் வாசலோடு திரும்பிவிட்டார்கள். மூன்றாவது ஆள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். கடைக்காரர், "அய்யா, எதை வேணும்னாலும் மாத்திக்கினு போங்க, மொதல்ல கைய எறக்குங்க" என்றார்.

அண்ணாச்சி கடைசியில் எடுத்தது விலையில் கீழிருந்து இரண்டாவது. ஒல்லிப் பின், அரை அங்குல நீளம், மூலைக்குள் நுழைகிற கூர் மூக்கு. "அதவிடக் கொறஞ்சதுல விசைக்கு லாக் இல்ல, கை தவறுனா வெடிக்கும். இதவிடக் கூடுனதுக்குப் பின்னு மெட்ராஸ்லதான் கெடைக்கும். இதுக்குப் பின்னு எல்லா சோபாக் கடையிலயும் கெடக்கு. ஒமக்கு இருக்கது ஒரு சோபா. அதுக்கு இது போதும்."

"கம்ப்ரசர் ஒண்ணு வாங்கிடலாமா?"

"ஒரு சோபாவுக்குக் கம்ப்ரசரா? காத்த யாரும் வெலைக்கு வாங்குவானா? வாடகைக்கு எடும்."

மந்தாரக்குப்பத்தில் கதவு அலமாரி செய்கிற ஒரு ஆசாரியிடம் ஒரு நாள் வாடகைக்குச் சின்ன கம்ப்ரசர் கிடைத்தது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஹாலுக்கு வந்தது. சரசு மாலை ஐந்து மணிக்குத்தான் வருகிறாள். நேரம் தாராளம்.

தாராளத்தை அண்ணாச்சி தின்றார். முதலில் ஒரு அட்டையில் சிவப்பு மையால் "ஆள் வேலை செய்கிறார். தொடாதே" என்று எழுதி கம்ப்ரசரில் தொங்கவிட்டார். சுரங்கத்தில் அப்படித்தான், அட்டை தொங்கினால் ஜெனரல் மேனேஜரே வந்தாலும் தொடமாட்டார். பிறகு எனக்குக் கண்ணாடி மாட்டிவிட்டார். பிறகு ஒரு தேக்குத் துண்டில் எழுபது பவுண்டு அழுத்தத்தில் பத்து பின், அறுபதில் பத்து பின். அறுபதுதான் சரி, பின் ரெக்சினோடு சமமாக உட்காருகிறது என்றார். புது ஃபோமைப் போட்டு, ரெக்சினை இழுத்து, மூன்று பக்கம் அவரே அடித்து முடிக்கும்போது மதியம் ஒன்று. முன் விளிம்பு மட்டும் பாக்கி. அப்போது அவர் காது விடைத்தது.

"எங்கயோ லீக்கு."

சோப்புத் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தார். காலி. "கலந்துட்டு வாரேன். நான் வார வரைக்கும் தொடாதயும். ஆங்?"

அவர் வாசலைத் தாண்டினார். என் செல்போன் அடித்தது. மகள்.

"அப்பா, சீக்கிரமே டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லல. நெல்லிக்குப்பம் தாண்டிட்டோம்!"

நெல்லிக்குப்பத்திலிருந்து நெய்வேலிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. தொங்கிய அட்டையைக் கழற்றிக் கீழே வைத்தேன். அறுபது பவுண்டில் அடித்தால் மெதுவாகத்தான் ஆகும் என்று எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. அழுத்தம் கூட்டும் குமிழைத் திருகினேன். முள் அறுபதிலேயே நின்றது. இன்னும் திருகினேன். அறுபது. முழுக்கத் திருகினேன். அறுபதுதான். சரி, இதுக்கு மேல ஏறாதுபோல என்று துப்பாக்கியை எடுத்து, மண்டியிட்டு, முன் விளிம்பில் வரிசையாக ஏழெட்டு அடி.

சத்தம் வேறு மாதிரி இருந்தது. பின்கள் ரெக்சினில் உட்காரவில்லை. அதை வெட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டன. விளிம்பு நெடுக, தபால் தலை ஓரம் மாதிரி ஓட்டை. இழுத்துப் பார்த்தேன். டர்ரென்று கிழிந்தது. பதறிப்போய் எழுந்தேன். எழ முடியவில்லை. என் லுங்கி சோபாவோடு சேர்ந்து அடிபட்டிருந்தது.

செல்போன் மறுபடி. "பண்ருட்டி வந்துட்டோம்ப்பா. அம்மா கால் மரத்துப்போச்சாம், எப்படா சோபாவுல ஒக்காருவோம்னு சொல்லிக்கினே வராங்க."

அண்ணாச்சி உள்ளே வந்தார். கிழிந்த விளிம்பைப் பார்த்தார். கழற்றிய அட்டையைப் பார்த்தார். நேராகக் கம்ப்ரசரிடம் போய் மீட்டரை நகத்தால் ரெண்டு தட்டு தட்டினார். அறுபதில் இருந்த முள் திடுக்கிட்டு எழுந்து நூற்றுப்பத்தில் போய் நின்றது.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணாச்சி, பண்ருட்டி வந்துட்டாங்க. மொதல்ல லுங்கியக் கழட்டி விடுங்க."

"லுங்கி நடக்காது. தங்கச்சி நடக்கணும். நீரு அங்கனயே கெடயும்."

சோப்புத் தண்ணீரில் குமிழி வந்த இணைப்பை இறுக்கினார். காற்றை அறுபதுக்கு இறக்கினார். கிழிந்த விளிம்பை வெட்டி எறிந்தார். புது ரெக்சினில் மிச்சம் இல்லை. நான் பிய்த்துப் போட்ட பழைய மெரூன் துணியில் கிழியாத ஒரு நீளத்தைத் தேடி எடுத்து, இரண்டாக மடித்து, புடவைக்குக் கரை வைத்த மாதிரி முன்னால் பிடித்து அடித்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்தபோது என்னைச் சுற்றிக்கொண்டு போனார். ஒவ்வொரு பின்னுக்கும் நின்று, விரலால் தடவி, அடுத்தது. செல்போன் "காடாம்புலியூர்" என்றது. அவர் கை வேகம் கூடவில்லை.

கடைசிப் பின் விழுந்தது. டேப்பை வைத்து அளந்தார். பதினெட்டு அங்குலம். அப்பாடா என்றேன்.

"என்ன அப்பாடா? லோட் டெஸ்ட் வேண்டாமா?"

சுரங்கத்தில் எந்தக் கிரேன் வந்தாலும், தூக்க வேண்டிய எடையைவிடக் கால் பங்கு கூடுதலாகத் தூக்கி, பத்து நிமிஷம் நின்று காட்ட வேண்டும். அதன் பிறகுதான் கையெழுத்து.

"தங்கச்சி வெயிட்டு எம்புட்டு?"

"தெரியாது அண்ணாச்சி."

"தெரியாதா, சொல்லப் பயமா?"

"ரெண்டும்தான்."

அவர் ஐம்பது கிலோகூட இருக்கமாட்டார். என் சமையலறைக்குப் போய், முழு கேஸ் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்து, சோபாவில் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டார். ஆசி வழங்கப்போகிறவர் மாதிரி இருந்தார்.

ஏழெட்டு நிமிஷம் போயிருக்கும். வாசலில் கார் நின்றது.

வாக்கரை ஊன்றி ஒவ்வோர் அடியாக வந்த சரசு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். சோபாவில் சிலிண்டரோடு அண்ணாச்சி. தரையில் கண்ணாடி மாட்டிக்கொண்டு நான்.

"ஏங்க, பொண்டாட்டி ஆபரேஷன் ஆயி வரேன். எழுந்து வந்து கையப் புடிக்கிறதுக்கு என்னா?"

"முடியாது சரசு. பின் அடிச்சிருக்கு."

"தங்கச்சி, ரெண்டு நிமிசம் நில்லும்மா. டெஸ்ட் முடியல" என்றார் அண்ணாச்சி.

அவள் நின்றாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, முழுசாக இரண்டு நிமிஷம். மகள் என்னை முறைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அண்ணாச்சி எழுந்தார், சிலிண்டரை இறக்கினார், இருக்கையைத் தடவினார். ஒரு இடம்கூட அமுங்கவில்லை. "இப்ப வாம்மா."

சரசு உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து, இரண்டு கையையும் இருக்கையில் ஊன்றி, யாரும் பிடிக்காமல், தானாக எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்து மெரூன் கரையைத் தடவினாள். "பழசுல கொஞ்சம் வெச்சிக்கினீங்களா? நல்லா இருக்குது" என்றாள். அண்ணாச்சி அப்போதுதான் கத்தரியை எடுத்து என் பக்கம் வந்தார். சோபாவைச் சாய்த்துப் பார்த்தால் நீலக் கட்டம் போட்ட லுங்கித் துண்டு இன்றைக்கும் அடியில் இருக்கிறது.

போன பங்குனியில் அண்ணாச்சி ரிட்டையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஊருக்குப் போய்விட்டார். போவதற்கு முன் பிளாக்கில் எல்லா வீட்டு சிலிண்டரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போனார். எனக்கு அந்த மூக்குப் பாட்டிலைக் கொடுத்தார்.

சென்ற வாரம் சரசுவின் முட்டியைக் காட்ட ஆஸ்பத்திரி போனோம். வந்ததுக்கு எனக்கும் பிரஷர் பார்க்கலாம் என்று நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றினார். எண் வந்தது. நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. விரல் தானாகப் போய் ரெண்டு தட்டு தட்டியது.

"சார், இது டிஜிட்டல். முள்ளே கெடையாது" என்றார் நர்ஸ்.

வாக்கர் இல்லாமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த சரசு சொன்னாள்: "விடும்மா. அண்ணாச்சி ஊருக்குப் போனதுலேர்ந்து இந்த ஆளு இப்படித்தான் எல்லாத்தையும் தட்டிக்கினு திரியிறாரு. ஒரு போனப் போட்டுப் பேசித் தொலைங்கன்னா கேக்கறதில்ல."