இருபத்திநாலு மணி நேரம் படுக்க வேண்டிய நோய்

பாடப்புத்தகம் எதையும் நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்ததில்லை. பட்டம் கைக்கு வந்து, பத்திரமாகப் பெட்டிக்குள்ளும் போய்விட்டதால் இதை இப்போது தைரியமாக ஒப்புக்கொள்ளலாம். கல்லூரி நாட்களில் நான் ஒரு வரி விடாமல் படித்தது ஒன்றே ஒன்றுதான்: மாணவர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கையேடு. நாற்பத்திரண்டு பக்கம். எதையும் அரைகுறையாகப் படித்தால் ஆபத்து என்று சொல்வார்கள். முழுசாகப் படித்தவளுக்கு என்ன ஆனது என்பதை நான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் குளத்தூர் பஞ்சாயத்தின் கடலோரம். கேரளம் அங்கே முடிந்துவிடும். நான் படித்த கல்லூரி எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். (காலையில் ஒரு முதலமைச்சரைத் திட்டிவிட்டுப் பஸ் ஏறினால் மத்தியானம் இன்னொரு முதலமைச்சரைத் திட்டலாம்.) சேர்க்கைக்குப் போன அன்று அலுவலகத்தில் இருந்தவர், காப்பீடு இல்லாமல் அடையாள அட்டை தரமாட்டோம் என்றார். ஏற்கெனவே வேறு காப்பீடு இருந்தால் சான்று காட்டி விலக்கு வாங்கிக்கொள்ளலாமாம்.

கூட வந்திருந்த அப்பா உடனே சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். அப்பா மீன்பிடிக்கிறவர். அது மீனவர் விபத்துக் காப்பீட்டு அட்டை. அலுவலகத்தார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கடல்ல விபத்து நடந்தா மட்டும்தான். உங்க பொண்ணு கடலுக்கா போகுது?"

"கணக்குப் பரீட்சைக்குப் போறா" என்றார் அப்பா. "அது கடலவிட மோசமாக்கும்."

அவர் சிரிக்கவில்லை. கல்லூரித் திட்டத்திலேயே சேர்ந்தோம். கையேட்டைக் கையில் வாங்கியதும் அப்பா என்னிடம் தந்து, "படிச்சு வச்சுக்க மக்கா. நமக்கு ஒண்ணும் வராது. வந்தா தெரிஞ்சிருக்கணும் இல்லியா" என்றார். அப்பா சொன்னதை நான் வாழ்க்கையில் அட்சரம் பிசகாமல் கேட்டது அந்த ஒரு முறைதான்.

படித்து முடித்ததும் நான் வேறு ஆளாகிவிட்டேன். வகுப்பில் யாருக்குத் தலை வலித்தாலும் என்னிடம் வந்தார்கள். நான் தலைவலிக்கு மருந்து சொல்லமாட்டேன். அது எந்தப் பிரிவில் வரும் என்று சொல்வேன். பல்லுக்குக் கிடையாது. கண்ணாடிக்குக் கிடையாது. என் தோழி அஞ்சு பின்பக்க மதிலைத் தாண்டிக் குதித்துக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு வந்தபோது, "இது சாகச விளையாட்டு. பக்கம் முப்பத்தொன்று. ஒன்றும் கிடைக்காது" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. (சுளுக்கை நீவிவிடக்கூடத் தோன்றவில்லை எனக்கு. பாலிசியில் அதற்கும் இடமில்லை.)

இரண்டு வருடம் இப்படி எல்லாருடைய நோய்க்கும் விதி சொல்லிக்கொண்டு திரிந்த எனக்கு ஒரே ஒரு குறைதான். எனக்கென்று ஒரு நோயும் வரவில்லை.

மூன்றாம் வருடம் வந்தது.

அஞ்சுவின் வீடு வெள்ளறடையில். அவள் அம்மா ஒரு நாள் ஒரு தூக்குச்சட்டி நிறைய மரச்சீனிக் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலும் வைத்து, வகுப்புக்கே கொடுத்தனுப்பினார்கள். வகுப்புக்கு என்று கொடுத்தனுப்பியதை நானும் இன்னும் இரண்டு பேரும் தின்றோம். பிறகு அந்த இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு எனக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது. வலது பக்கம்.

வலது பக்கம் என்றதும் எனக்குள் மணி அடித்தது. குடல்வால். பக்கம் பதினேழு. காத்திருப்புக் காலம் இல்லை, அறுவைச் சிகிச்சைக்கு முழுச் செலவும் உண்டு.

"எடி, அது மரச்சீனியாக்கும்" என்றாள் அஞ்சு. "கொஞ்சம் நட. சரியாவும்."

"மருத்துவம் தெரியாம பேசாத" என்றேன், மருத்துவம் தெரியாத நான்.

கையேட்டின் கடைசியில், அட்டையைக் காட்டினால் போதும், கையிலிருந்து காசு கொடுக்க வேண்டாம் என்கிற ஆஸ்பத்திரிகளின் பட்டியல் உண்டு. அதில் எங்களுக்குத் தோதாக ஒன்று நெய்யாற்றின்கரைக்குப் போகிற வழியில் இருந்தது. அஞ்சு என்னைத் தாங்கிப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றினாள். உதியன்குளங்கரை தாண்டும்போது, கேரளத்துச் சாலையின் குலுக்கலில், பாதி வலி போய்விட்டது. எப்படிப் போனது என்பதை நாகரிகம் கருதிச் சொல்லவில்லை. முன் சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் குடல்வால் என்று ஒரு தடவை முடிவு செய்த பிறகு, வலி குறைந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். என்ன சாப்பிட்டாய் என்றார். "ரெண்டு இட்லி" என்றேன். அஞ்சு கூரையைப் பார்த்தாள். ஊசி ஒன்று போட்டு, மருந்து எழுதி, வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர்.

வீட்டுக்குப் போகலாமா? பக்கம் ஒன்பது கண்முன்னே வந்தது. இருபத்திநாலு மணி நேரம் உள்நோயாளியாகப் படுத்தால்தான் காப்பீடு. வந்து ஊசி போட்டுப் போகிறவர்களுக்கு ஒன்றும் இல்லை.

"டாக்டர், ஒரு இருபத்திநாலு மணி நேரம் கிடந்தா என்ன?"

"எதுக்கு?"

"வலி விட்டு விட்டு வருது" என்று முனகினேன். முனகல் நன்றாகவே வந்தது. டாக்டர் கொஞ்சம் யோசித்தார். வலது பக்கம் என்பதால் அவருக்கும் துணிந்து அனுப்ப மனமில்லை. சரி, படுக்கவைத்துப் பார்ப்போம், ஆனால் தண்ணீர்கூட வாயில் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சரியாகக் கவனிக்கவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தேன்.

காப்பீட்டு மேசையில் சாபு சேட்டன் என்று ஒருவர் இருந்தார். படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடாத மனிதர். நான் பிரிவு எண்களைச் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு நோயாளியை அவர் கண்டதில்லையாம். அவசரத்துக்குக் கூப்பிட வீட்டு எண் கேட்டார். அம்மாவின் எண்ணைக் கொடுத்தேன். நானாக வீட்டுக்கு எதுவும் சொல்லவில்லை. அம்மா பயந்துவிடுவாள் என்கிற நல்லெண்ணம்தான்.

இனி நடந்ததை நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். படிவத்தில் நாமினியின் பெயர் ஒரு மாதிரியும் அட்டையில் வேறு மாதிரியும் இருந்திருக்கிறது. கட்டம் நிரம்பாமல் சாபு சேட்டனுக்குச் சோறு இறங்காது. அம்மாவைப் போனில் கூப்பிட்டு, "ஷைனியுடெ அம்மையல்லே? ஆஸ்பத்திரியில் நின்னாணு. நோமினியுடெ ஆதார் வேணம். வேகம் கொண்டு வரணம்" என்றிருக்கிறார். ஷைனி நான்தான்; ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன், நாமினியின் ஆதாரைச் சீக்கிரம் கொண்டு வாருங்கள் என்கிறார்.

சேட்டனைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் மலைப்பக்கத்துக்காரர். எங்கள் கரையில் நாமினி என்கிற சொல்லை யாரும் சும்மா சொல்வதில்லை. கடலுக்குப் போன ஒருவர் திரும்பி வராமல் போனால், நாலைந்து நாள் கழித்து ஆபீஸில் கேட்கிற சொல் அது. என் அம்மா தன் அண்ணனுக்காக அந்தச் சொல்லை ஒரு தடவை கேட்டிருக்கிறாள். சேட்டன் வாயிலிருந்து அது வந்ததும் போன் கையிலிருந்து விழுந்துவிட்டதாம்.

அதற்குமேல் காரியத்தை ஊரே கையில் எடுத்துக்கொண்டது. மீன் ஏற்றுகிற டெம்போவைக் கழுவக்கூட நேரமில்லாமல் எடுத்தார்கள். பதினெட்டுப் பேர் ஏறினார்கள். பங்குத்தந்தையை, ஊரே அச்சன் என்று கூப்பிடுகிறவரை, சாகக் கிடப்பவர்களுக்கு ஜெபித்துப் பூசுகிற நோயிற்பூசுதல் எண்ணெயோடு முன் சீட்டில் ஏற்றினார்கள். அன்று மத்தியானம்தான் வள்ளம் இறக்கியிருந்த அப்பாவுக்கு வயர்லெஸ்ஸில் சேதி போயிற்று. அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். போட்ட வலையைப் பக்கத்து வள்ளத்துக்காரரிடம் விட்டுவிட்டுத் திருப்பினாராம்.

இங்கே நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? பசியில் துடித்துக்கொண்டிருந்தேன். வலி சுத்தமாகப் போய்விட்டது. இன்னும் இருபத்திரண்டு மணி நேரம் தண்ணீர்கூட இல்லாமல் கிடக்க வேண்டும். அஞ்சுவைக் கெஞ்சி வாசல் கடையிலிருந்து நாலு பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, வாங்கிவரச் செய்தேன். முதல் பழம்பொரியை முழுசாக வாய்க்குள் தள்ளியிருந்தபோது வராந்தாவில் பல காலடிச் சத்தம் கேட்டது. டாக்டர்தான் ஆட்களோடு சோதிக்க வருகிறார் என்று நினைத்தேன். மீதியை மார்போடு அணைத்துக்கொண்டு, வெள்ளைப் போர்வையைக் காலிலிருந்து தலைவரை இழுத்து மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தேன்.

வாசலில் வந்து நின்றது அம்மா.

அந்தச் சத்தத்தை நான் மறக்கமாட்டேன். "எனக்க மோளே" என்று ஒரே ஒரு சத்தம். அதன்பின் மீதிப் பதினேழு பேரும் சேர்ந்துகொண்டார்கள். அறை முழுக்க மீன்வாசமும் அழுகையும். நான் போர்வைக்குள்ளிருந்து "அம்மா" என்று சொல்லப் பார்த்தேன். பழம்பொரி சூடு, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வந்தது "ம்ம்ம்" என்று ஒரு உறுமல்தான்.

"உயிர் உண்டு" என்று யாரோ சொன்னார்கள். "அச்சா, வேகம்."

போர்வை விலகியது. கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கி, மூச்சு முட்டிக் கிடந்த என்னைப் பார்த்தால் எந்த அச்சனுக்கும் கை பதறத்தான் செய்யும். அவர் என் நெற்றியில் எண்ணெய் பூசினார். உள்ளங்கையிலும் பூசுவதற்காகக் கையை விரிக்கச் சொன்னார். வலது கையை விரித்தேன். இடது கையை விரிக்கவில்லை.

"அதையும் விரி மக்கா" என்றார் அச்சன், மிகவும் கனிவாக.

விரித்தேன். உள்ளங்கையில் பழம்பொரி இருந்தது.

அச்சன் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கூட்டம் அழுகையை ஒவ்வொருவராக நிறுத்தியது. கடைசியாக நிறுத்தியது அம்மா. அதற்குள் நான் விழுங்கிவிட்டேன். அச்சன் ஜெபத்தைப் பாதியில் விடவில்லை. உள்ளங்கையில் ஏற்கெனவே எண்ணெய் இருந்தாலும் தம் பங்குக்குக் கொஞ்சம் பூசி, முழுசாக முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

சத்தம் கேட்டு டாக்டர் ஓடிவந்தார். அஞ்சு ஒரு மூச்சில் மரச்சீனி, காந்தாரி, இட்லி என்று நான் சொன்ன பொய் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். (கணுக்கால் சுளுக்குக்கு வட்டியும் சேர்த்து.) டாக்டர் என்னைத் திட்டவில்லை. அங்கேயே நின்று என்னை விடுவிக்கும் சீட்டை எழுதினார். உள்ளே வந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பக்கம் ஒன்பதின்படி எனக்கு ஒன்றும் கிடைக்காது என்பதைச் சாபு சேட்டனிடம் நானே சொன்னேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

எல்லாரும் போவதற்கு எழுந்தபோது அப்பா வந்து சேர்ந்தார். இடுப்புத் துணி ஈரம் காயவில்லை. காலில் மணல். கூட்டம் விலகி அவருக்கு வழிவிட்டது. நேராக வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். என் காலைத் தொட்டார்.

"வயிறு இப்ப எப்பிடி உண்டு மக்கா?"

"ஒண்ணும் இல்லப்பா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "மரச்சீனி நிறையத் தின்னுட்டேன். அதுக்காக்கும்."

அப்பா கட்டிலில் கிடந்த பழம்பொரிப் பொட்டலத்தைப் பார்த்தார். மிச்சமிருந்ததில் ஒன்றை எடுத்துத் தின்றார். இன்னொன்றையும் எடுத்துத் தின்றார். "நல்லா உண்டு" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை, அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. டெம்போவில் பின்னால் பதினெட்டுப் பேரோடும் ஐஸ் பெட்டிகளோடும் ஊர் திரும்பினேன். வழி முழுக்க அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். பாறசாலை வரை தடவிக்கொண்டும், அதன் பிறகு கிள்ளிக்கொண்டும்.

நாலு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் திருவனந்தபுரம் பக்கம். இந்தக் கதை எதுவும் அவர் வீட்டுக்குத் தெரியாமல் அம்மா பொத்திப் பொத்திக் காத்திருந்தாள். கோவிலில் திருமண மந்திரிப்பு முடிந்ததும் அதே அச்சன் மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் முதல்ல கல்யாணம் முடிச்சுட்டு, கடைசியில நோயிற்பூசுதல் வாங்குவாங்க. நம்ம ஷைனி அத முதல்லயே வாங்கிட்டா. அதனால இனி அவளுக்குப் பயப்பட ஒண்ணும் இல்ல. பயப்படறதா உண்டுன்னா, அது மாப்பிள்ளைக்காக்கும்."

யார் வீட்டுக்கு வந்தாலும் அப்பா கல்யாண வீடியோவில் அந்த இடத்தை மட்டும் ஓட்டிக் காட்டுவார். கோவில் முழுக்கச் சிரிக்கிறது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். என் கணவர் மட்டும் விஷயம் என்ன என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இடதும் வலதும் பார்க்கிறார். கடைசியில் மரியாதைக்கு அவரும் சிரித்துவைக்கிறார்.