தும்பிக்கு அறுபத்து நான்காம் இடம்

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க," என்று சொல்லிவிட்டு எக்ஸ்ரேக்காரர் தடுப்புக்குப் பின்னால் போனார். போனவர் பட்டனை அழுத்தவில்லை. நாற்பத்தொன்றாம் இடம் போதுமா, இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் போடலாமா என்று யோசனையில் இறங்கிவிட்டார். பலகையில் நெஞ்சைப் பதித்து நின்ற பெரியவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. காது சிவந்தது.

"விட்டுடலாமா?" என்று பெரியவர் ஈனக் குரலில் கேட்டார்.

"விட்டுடாதீங்க, விட்டா அப்புறம் கிடைக்கவே மாட்டான்," என்றார் எக்ஸ்ரேக்காரர்.

பெரியவர் திரும்பிப் பார்த்த பார்வையில்தான் இவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. மன்னிப்புக் கேட்டு, மறுபடி மூச்சை இழுக்கச் சொல்லி, ஒரு வழியாகப் படத்தை எடுத்து அனுப்பினார்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு அது வேலை. அவருடைய உயிர் இருந்தது வேறோர் இடத்தில். கம்ப்யூட்டரில் நடக்கும் ஒரு ஹாக்கி லீக் அது. பதினாறு அணிகள், அணிக்கு ஒரு சொந்தக்காரர். மட்டை கிடையாது, மைதானம் கிடையாது, வியர்வை கிடையவே கிடையாது. கம்ப்யூட்டரே ஆடி, கம்ப்யூட்டரே விசில் ஊதி, கம்ப்யூட்டரே முடிவைச் சொல்லிவிடும். ஆண்டுக்கு ஒரு முறை அது பதினேழு வயதுப் பையன்கள் அறுபத்து நான்கு பேரைப் புதிதாகப் பெற்றெடுக்கும். அவர்களை நாற்பது ஆட்டம் ஆடவிட்டுக் காட்டும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அணிகள் வரிசையாக வந்து ஆளுக்கு ஒருவராகப் பொறுக்கிக்கொண்டு போகும். கடைசியில் நிற்கும் அணிக்கு முதல் தேர்வு, அதற்கு முந்திய அணிக்கு இரண்டாவது.

பல் டாக்டரின் அணி கடைசி. கடைசிக்கு முந்தியது இவருடைய மச்சினனின் அணி. குளியலறை டைல்ஸ் விற்கும் மச்சினன், அக்காள் புருஷன் என்ற ஒரே தகுதியைப் பார்த்து இவரை ஆள் தேடும் நிபுணராக நியமித்து ஐந்து வருஷம் ஆகிறது. அந்த ஐந்து வருஷமும் அணி தரையைவிட்டு எழுந்திருக்கவில்லை. இவர் பொறுக்கியெடுத்த பையன்கள் எல்லாரும் மெதுவாகப் பழுக்கிற ஜாதி என்பது இவருடைய கட்சி. மச்சினன் போன மாதம் பொறுமையை இழந்துவிட்டான்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. இந்தத் தடவையும் சொதப்பினா நான் வேற ஆளைத்தான் போடணும்," என்று சொல்லிவிட்டான்.

தப்பாக நினைக்காமல் இருக்க முடியுமா? எக்ஸ்ரேக்காரர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பதவி போனால் அவர் வெறும் எக்ஸ்ரேக்காரர்தான். மற்ற அணி நிபுணர்கள் யாரும் தங்கள் கணிப்பை வெளியே விடமாட்டார்கள். இவர் ஒருவர்தான் பெருந்தன்மையோடு வாராவாரம் அறுபத்து நான்கு பேரையும் வரிசைப்படுத்தி, ஆளுக்கு இரண்டு வரி விமர்சனம் எழுதி, லீக் பக்கத்தில் எல்லாரும் பார்க்கப் போட்டுவிடுவார். அந்தப் பட்டியலுக்குக் கூட்டம் காத்துக் கிடக்கும். அரை மணி நேரம் தாமதமானால், எப்போது வரும் என்று பதினைந்து அணிகளும் விசாரிக்கும். ஒரு முறை இவருக்குக் காய்ச்சல் வந்து பட்டியல் வரவில்லை. லீக்கே தவித்துப் போயிற்று.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் தும்பி வந்தான்.

தும்பி என்பது கம்ப்யூட்டர் வைத்த பெயர். நாற்பது ஆட்டத்தில் வெறும் மூன்று கோல். கோல் போட உதவியது ஐந்து முறை. பார்த்தவர்கள் அடுத்தவனுக்குப் போய்விடுவார்கள். எக்ஸ்ரேக்காரர் ஒரு விடுமுறை நாளில் சாப்பாட்டு மேஜையைக் காலிசெய்துவிட்டு, நாற்பது ஆட்டங்களின் வரிவரியான குறிப்பையும் பரப்பி வைத்துப் படித்தார். முதலில் புரியவில்லை. பத்தாவது ஆட்டத்தில் முதுகு நிமிர்ந்தது. இருபதாவது ஆட்டத்தில் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது. அவன் ஆடிய அணி போட்ட ஒவ்வொரு கோலுக்கும் மூன்று தட்டு முன்னால் பந்து தும்பியிடம் இருந்திருக்கிறது. எவனோ கோல் போடுகிறான், எவனோ உதவினான் என்று பேர் வாங்குகிறான். அதற்கும் முன்னால், யாரும் எண்ணாத இடத்தில், தும்பி நின்றுகொண்டு பந்து போகவேண்டிய வழியைத் திறந்துவிட்டிருக்கிறான். நாற்பது ஆட்டம், எழுபத்தொரு கோல். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அவர் மனைவியைக் கூப்பிட்டார். அவள் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எதற்கும் சுலபத்தில் அசரமாட்டாள்.

"இந்தப் பையன் எங்கே இருக்கான்?" என்று கேட்டாள்.

"எங்கேயும் இல்லை. கம்ப்யூட்டர்ல இருக்கான்."

"இல்லாத பையனுக்கா கண் கலங்குறீங்க?"

அவர் ஒரு தாளை நீட்டினார். அவள் நின்றபடியே ஒரு கோலைப் படித்தாள். இன்னொன்றைப் படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. இப்படி ஓர் ஆட்டக்காரனை இன்னொரு முறை பார்க்கக் கொடுத்துவைக்காது என்று அவருக்குத் தோன்றியது. கோயில் கர்ப்பக்கிருகத்துக்கு முன்னால் நிற்பவரைப் போல அந்தத் தாள்களுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மச்சினனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். முதல் தேர்வு பல் டாக்டருடையது. அவர் தும்பியைக் கவனிக்காமல் தாண்டிவிட்டால் போதும், இரண்டாவதாக நாம் தூக்கிவிடலாம். அதற்கு ஒரே வழி, பட்டியலில் தும்பியை எங்காவது ஓர் ஓரத்தில் ஒளித்துவைப்பது. மச்சினனுக்கும் அது சரியாகப் பட்டது. ஆஸ்பத்திரியில் பெரியவரை மூச்சுமுட்ட வைத்துவிட்டு யோசித்த யோசனை அதுதான். நாற்பத்தொன்றே போதும் என்று முடிவுசெய்தார். விமர்சனமாக, "சுமாரான பையன்" என்று இரண்டே வார்த்தை.

பட்டியல் வெளியான ஒரு மணி நேரத்தில் பேக்கரிக்காரரிடமிருந்து செய்தி வந்தது. அவர் ஏழாவது தேர்வுக்காரர். தும்பியைப் பற்றி இன்னும் கொஞ்சம் விவரம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.

எக்ஸ்ரேக்காரர் அந்தச் செய்தியை மறுபடி படித்தார். நாற்பத்தொன்றில் கிடக்கும் ஒருவனை இந்த மனுஷன் எப்படி மோப்பம் பிடித்தார்? ஒருவேளை நாற்பத்தொன்று என்பது இன்னும் உயரமோ? உடனே திருத்தம் என்று போட்டுத் தும்பியை ஐம்பத்தைந்துக்கு இறக்கினார். ஓட்டம் போதாது, முழங்காலும் சந்தேகம் என்று ஒரு வரி சேர்த்தார்.

மறுநாள் மூன்று அணிகள் விசாரித்தன. அவற்றில் ஒன்று பல் டாக்டரின் அணி. பல் டாக்டர் அளந்து பேசுபவர். "தும்பி பற்றிய உங்கள் கருத்தில் உறுதியாக இருக்கிறீர்களா?" என்று மட்டும் எழுதியிருந்தார்.

இனி அரைகுறையாக வேலை செய்து பயனில்லை என்று எக்ஸ்ரேக்காரருக்குத் தெரிந்துவிட்டது. தும்பியைத் தூக்கி அறுபத்து நான்காம் இடத்தில், கடைசியிலும் கடைசியில், போட்டார். அவனைத் திட்டி ஒரு முழுப் பத்தி எழுதினார். மட்டை பிடிப்பது குடை பிடிப்பது போல இருக்கிறது, பந்தைக் கண்டால் விலகி வழிவிடுகிறான், இவனை எடுக்கிற அணி ஓர் ஆள் குறைவாக ஆடுவதாக நினைத்துக்கொள்ளலாம். இல்லாத பையன்தான், ஆனாலும் பாவம் சுற்றிக்கொள்ளுமோ என்று பயமாக இருந்தது. மனைவி படித்துப் பார்த்துவிட்டு, இப்படிக்கூட ஒருவர் நாக்கில் நரம்பில்லாமல் பேசலாமா என்று கோபித்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அன்று பகல், ஐந்து வருஷத்தில் முதல் முறையாகப் பல் டாக்டரே போன் செய்தார்.

"உங்களுக்கு நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன் சார். இவ்வளவு தெளிவா யாரும் எழுதினதில்லை. எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் போயிடுச்சு," என்றார்.

எக்ஸ்ரேக்காரர் தப்பித்தோம் என்று ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சு சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை. தும்பிக்காகத் தன் அணியின் நல்ல ஆட்டக்காரர்கள் இரண்டு பேரைக் கொடுத்து, முதல் தேர்வை வாங்கிக்கொள்ள பேக்கரிக்காரர் பல் டாக்டரிடம் பேரம் பேசியதாகவும், பல் டாக்டர் மசியவில்லை என்றும் மச்சினன் கேள்விப்பட்டு வந்து சொன்னான்.

"மாமா, நீங்க யார்கிட்டயாவது வாயை விட்டீங்களா?"

"உங்க அக்காவைத் தவிர ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை மாப்ளே."

அக்காள் தன்னிடம் வண்டி கற்றுக்கொள்பவர்களிடம் ஹாக்கி பேசுகிறவள் இல்லை. அப்படியானால் மிச்சம் ஒரே ஒரு விளக்கம்தான். நிஜமான திறமையை எந்தக் குழியில் போட்டு மூடினாலும் அதன் வெளிச்சம் வெளியே வந்துவிடுகிறது. அதை நினைத்தபோது எக்ஸ்ரேக்காரருக்குக் கவலையையும் மீறி உடம்பு சிலிர்த்தது. தும்பியைப் பற்றிய வியப்போடு அந்தப் பதினைந்து நிபுணர்களைப் பற்றிய வியப்பும் சேர்ந்துகொண்டது. தான் ஒரு நாள் முழுக்கத் தவம் கிடந்து கண்டதை அவர்கள் எத்தனை சுலபமாகக் கண்டுவிட்டார்கள்!

ஆனாலும் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். எல்லார் கண்ணையும் வேறு பக்கம் திருப்புவதற்காக, கோபுரம் என்ற ஒரு தடுப்பாட்டக்காரனை முதலிடத்தில் ஏற்றினார். கோபுரம் உயரத்தைத் தவிர எதுவும் இல்லாதவன். சொந்தக் கோலுக்குள்ளேயே நான்கு முறை பந்தை அடித்தவன். அவனைப் புகழ்ந்து மூன்று பத்தி எழுதினார். இவன் காலத்தில் நாம் வாழ்வதே பாக்கியம் என்று முடித்தார்.

கோபுரத்தைப் பற்றி ஒரே ஓர் ஆள்கூட விசாரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதினாறு அணிக்காரர்களும் கம்ப்யூட்டர் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் வந்து உட்கார்ந்தார்கள். லீக்கை நடத்தும் கணக்கு டீச்சர் நடுவில் இருந்தார். மச்சினன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு எக்ஸ்ரேக்காரர் வீட்டுக்கே வந்திருந்தான். மனைவி வகுப்பை ரத்துசெய்துவிட்டு, திரையில் விழாதபடி ஓர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் பல் டாக்டரைக் கூப்பிட்டார். பல் டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தும்பி."

பேக்கரிக்காரர் நெற்றியில் அடித்துக்கொள்வது தெரிந்தது. எக்ஸ்ரேக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். போய்விட்டான். எழுபத்தொரு கோலுக்கு வழி திறந்தவன், தன் வீட்டு மேஜையில் ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டுப் பல் டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டான்.

அடுத்தது இவர்கள் முறை. மச்சினன் பட்டியலில் நல்லவனாக ஒருவனைத் தேடி விரலை வைத்தான். எக்ஸ்ரேக்காரர் அந்த விரலைப் பிடித்துக்கொண்டார். இவன் காலத்தில் வாழ்வதே பாக்கியம் என்று மூன்று பத்தி எழுதிவிட்டு, கையில் தேர்வை வைத்துக்கொண்டு, அவனை எடுக்காமல் விட்டால் பதினைந்து பேரும் என்ன நினைப்பார்கள்? பட்டியல் பொய் என்று ஆகிவிடாதா? ஐந்து வருஷ மானம் என்னாவது? மச்சினன் அவர் முகத்தைப் பார்த்தான். அக்காளைப் பார்த்தான். பிறகு அழாத குறையாக, "கோபுரம்," என்றான்.

எல்லாக் கட்டங்களிலும் கை தட்டினார்கள். அத்தனை மனமாரக் கை தட்டி எக்ஸ்ரேக்காரர் கண்டதே இல்லை.

கூட்டம் முடிந்ததும் மச்சினன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். இனி அவன் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. எக்ஸ்ரேக்காரர் தானே டீச்சருக்குப் போன் செய்து, இந்த ஆண்டோடு விலகிக்கொள்வதாகவும் இனிமேல் பட்டியல் வராது என்றும் தெரிவித்தார்.

டீச்சர் பதறிப்போனார். "அப்படி மட்டும் செஞ்சுடாதீங்க சார். உங்க பட்டியல் இல்லாம இங்கே யாருக்கும் கையும் ஓடாது, காலும் ஓடாது."

எக்ஸ்ரேக்காரர், மறைத்து இனி என்ன ஆகப்போகிறது என்று நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். தும்பியை ஒளித்துவைக்கப் பார்த்ததையும், கீழே தள்ளத் தள்ள அவனுக்கு மவுசு கூடியதையும் சொன்னார்.

"அவன் மகிமை அப்படி டீச்சர். கடைசி இடத்துல போட்டே எல்லார் கண்ணுலயும் பட்டுட்டான்னா, மனசுல நினைச்சபடி முதலிடத்துல போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"முதலிடத்துல போட்டிருந்தா அவனை ஒருத்தரும் சீண்டியிருக்க மாட்டாங்க சார், அஞ்சு வருஷமா உங்க பட்டியலை நாங்க எல்லாரும் கீழேயிருந்து மேலேதான் படிக்கிறோம்."