பக்கத்தில் உட்காரும் வேலை

மதிப்பிற்குரிய சிறப்புக் கல்வி ஆசிரியை அவர்களுக்கு,

மோட்டார் காயில் கட்டும் கடைக்காரனும் தங்கள் மாணவியின் தகப்பனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். தங்கள் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தாங்கள் வந்து உட்காரும் எங்கள் வீட்டுக் கால் ஆடும் நாற்காலி அப்படிப்பட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் விசிட்டிங் கார்டில் 'திட்டமிடவும் தொடங்கவும் முடிக்கவும் பயிற்சி' என்று போட்டிருந்தது. எதைச் சொன்னாலும் 'அப்புறம்' என்று சொல்லி, வீட்டில் அதையே பெயராக வாங்கிக்கொண்ட எங்கள் மகளுக்கு இதுதான் சரி என்று நம்பினோம். முதல் நாள் நீங்கள் கொடுத்த வேலை, புத்தகப் பையின் ஜிப்பைத் திறப்பது. இன்றைக்கு அவ்வளவுதான் என்றீர்கள். மறுநாள் பெரிதாக ஏதாவது வரும் என்று பார்த்தால், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் பள்ளித் தாள்களைத் திருத்துகிறீர்கள், அவள் பாட்டுக்கு ஜன்னலைப் பார்க்கிறாள். "என்ன டீச்சர், ஒண்ணும் சொல்லித் தரலையே?" என்றால், "பாடம் அவளுக்குத் தெரியும் சார். ஆரம்பிக்கத்தான் வரல. அதுக்குத்தான் கூட உக்காந்திருக்கேன்" என்கிறீர்கள். கம்பி சுற்றினால்தான் மோட்டார் ஓடும், பக்கத்தில் உட்கார்ந்தால் ஓடுமா? இதில் யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது என்று தடை வேறு. என் மனைவி வாயைக் கட்டிக்கொண்டு இருமத் தொடங்கினாள். குளிக்க ஓர் இருமல், படிக்க இரண்டு. பக்கத்து வீட்டு நர்ஸ் மருந்தோடு வந்துவிட்டார். நானும் உங்களைப் போலவே ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். ஒரே ஒரு தடவைதான், "எந்தப் பக்கத்துல இருக்கே?" என்று கேட்டேன். "போங்கப்பா, நீங்க உக்காரல, காவல் காக்கறீங்க" என்று பென்சிலை வைத்துவிட்டாள்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். மாதக் கடைசிக்குள் அறிவியல் ரெக்கார்டை முடித்துக் கொடுக்காவிட்டால் இதே வகுப்பில் இன்னொரு வருஷம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். நாலைந்து படங்கள் பாக்கி. அவற்றைப் பார்த்தாலே நோட்டை மூடிவிடுகிறாள். அன்றொரு நாள், "எல்லாருக்கும் வர்றது எனக்கு மட்டும் ஏன்பா வரல?" என்று கேட்டாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. ஆகவே அதட்டி வேலை வாங்கும் டியூஷன் மாஸ்டர் ஒருவரைப் பார்த்து வைத்திருக்கிறேன். வரும் வியாழன் முதல் தாங்கள் வர வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் முதுகும் மற்ற மாணவர்களின் படிப்பும் நிமிர்ந்து நிற்க வாழ்த்தும்,
அப்புறத்தின் அப்பா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை எழுத வேண்டும் என்று நினைத்து வாரக்கணக்காகிறது. தாளை எடுப்பேன், மோட்டார் ஒன்று வந்துவிடும். மோட்டார் வராவிட்டால் பேனாவைத் துடைப்பேன். இன்று அதைப் பார்த்த மகள், "எழுத வரலையாப்பா?" என்று கேட்டுவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நீங்க உங்களோடதப் பாருங்க, நான் என்னோடதப் பாக்கறேன்" என்று ரெக்கார்டைத் திறந்தாள். கடிதம் யாருக்கு என்றுகூடக் கேட்கவில்லை. மூன்று மணி நேரம் கழித்து நான் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது அவள் கடைசிப் படத்துக்குத் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

இதைக் கிழித்துவிட்டு வேறு எழுதுவதுதான் மரியாதை. ஆனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க என்னால் ஆகாது. 'வர வேண்டாம்' என்பதை மட்டும் நீங்களே அடித்துவிட்டுப் படியுங்கள். வியாழக்கிழமை அவசியம் வாருங்கள். நாற்காலியைச் சரிசெய்வதற்காக ஸ்க்ரூடிரைவரை எடுத்து அதன்மேல் வைத்திருக்கிறேன். இன்றைக்கு அவ்வளவுதான்.