மிஷின் எழுதிய என் ஆய்வேடு

கமிட்டிக் கூட்டம் என்றால் எனக்கு ஒரு வியாதி உண்டு. டீயும் பிஸ்கட்டும் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. சில வருஷங்களுக்கு முன் அந்த வியாதி, நான் வேலை பார்க்கும் கல்லூரியில் என் மானத்தையே வாங்கிவிட்டது.

ஆய்வு மாணவர்கள் ஏ.ஐ.யைத் தொடலாமா கூடாதா என்று முடிவு செய்யக் கூடியிருந்தோம். நான் ‘கூடாது’ கட்சி. (தலைவர், தொண்டர், கோஷம் போடுகிறவர் எல்லாம் நானே.) மாட்டியது என் சொந்த மாணவி பாத்திமா. காயல்பட்டினத்தில் வீடு வீடாகப் போய், வளைகுடாவுக்குப் போன ஆண்களின் மனைவிமார் பேசியதைக் கேட்டு ஆய்வேடு எழுதியிருந்தாள். ஆங்கிலத்தைத் திருத்த மட்டும் ஏ.ஐ.யிடம் கொடுத்ததாக அவளே வந்து சொன்னாள். நான் தாம்தூம் என்று குதித்தேன். கமிட்டி ‘கூடாது’ என்றுவிட்டால் அவளுடைய இத்தனை வருஷ உழைப்பும் குப்பைக்குத்தான்.

மிஷின் எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளைத் திரையில் போட்டார்கள். அவள் அத்தியாயத்தை உள்ளே விட்டதும் ‘பாதி மிஷின்’ என்றது. பாத்திமாவின் முகம் செத்துப்போயிற்று. அத்தோடு விட்டிருக்கலாம். விட்டேனா? மனுஷன் எழுதினால் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன் பாருங்கள் என்று, நூலகத்திலிருந்து என் ஆய்வேட்டைக் கொண்டுவரச் சொன்னேன்.

அதை எழுதிய காலம் இருக்கிறதே! டவுணில் ரத வீதிப் பக்கம் ஒரு மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் அல்வாக் கடை நெய் வாசம். சட்டையெல்லாம் கார்பன் தாள் கறை. இப்போது நினைத்தாலும் அந்த அறைக்கு ஓடிப்போய்விடலாம் போல ஏக்கமாக இருக்கிறது.

முதல் அத்தியாயத்தின் தலைப்பு ‘நிலமும் மக்களும்’. மழை, மண், தாமிரபரணி, நெல். எங்கள் துறையில் யார் எதை ஆராய்ந்தாலும் இதில்தான் தொடங்க வேண்டும். மூத்தவரின் ஆய்வேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வார்த்தைகளை முன்னே பின்னே மாற்றிப் போடுவோம். (அந்த மூத்தவரும் அப்படித்தான். முதன்முதலில் எழுதிய புண்ணியவான் யாரென்று நெல்லையப்பருக்குத்தான் வெளிச்சம்.)

அந்த அத்தியாயத்தை ஸ்கேன் செய்து உள்ளே விட்டார்கள். மென்பொருள் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, ‘முழுக்க மிஷின்’ என்றது.

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். “மிஷினே இல்லாத காலத்துல நீரு எப்படி வே எழுதினீரு?”

பாத்திமா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த மென்பொருள் சனியனை நம்பவே கூடாது என்று கத்தினேன்.

“அப்போ அந்தப் பிள்ளைய மட்டும் இத நம்பித் தள்ளிரலாமா?” என்றார் தலைவர்.

தலைவர் திரையை அணைக்கச் சொல்லிவிட்டு, பாத்திமாவைப் பேசச் சொன்னார். ஊரில் இல்லாத புருஷனுக்கும் சேர்த்தே தினமும் உலை வைக்கும் ஒருத்தியைப் பற்றி, கையில் ஒரு தாள்கூட இல்லாமல் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முடித்ததும் தலைவர் என் பக்கம் திரும்பி, “நீரும் உம்ம முதல் அத்தியாயத்தப் பத்திப் பேசுதீரா?” என்று கேட்டார். நான் டீயை எடுத்துக்கொண்டேன்.

ஏ.ஐ.யைத் தொடலாம், தொட்ட இடத்தைச் சொல்ல வேண்டும், எழுதியவர் எதிரே உட்கார்ந்து பதிலும் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. பாத்திமா இப்போது டாக்டர் பாத்திமா, எங்கள் துறையிலேயே இருக்கிறாள்.

அவள்தான் என் மனைவிக்கு அந்த மென்பொருளைக் காட்டிக்கொடுத்தவள். கல்யாண நாளுக்கு நான் எழுதித் தரும் வாழ்த்தை மனைவி இப்போதெல்லாம் நேராக அதில்தான் போட்டுப் பார்க்கிறாள். போன முறை பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து முடிவை அறிவித்தாள்.

“இந்த வருஷம் கால்வாசி மனுஷன் தெரியுதான். தேறிட்டிய.”